வடலூர் தருமச்சாலையும் ஞானசபையும்: கழட்டக் கூடாத மோதிரத்தோட போயிட்டு வந்தவ எழுதுறேன்

இந்த ரிவ்யூவ எழுத எனக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கடலூர்லயே பொறந்து வளந்தவ நான், நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் போறப்ப எத்தன தடவ வடலூர் வழியா பஸ்ல போயிருப்பேன்னு கணக்கே இல்ல, ஒரு தடவ கூட எறங்கினதில்ல. கண்டக்டர் "வடலூர் வடலூர்"னு சத்தம் போடுவாரு, நாலு பேரு வெள்ள சீலையோட எறங்குவாங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு தூங்குவேன். அப்படி எறங்காமலே போய்க்கிட்டு இருக்குறவங்களுக்காக தான் இத எழுதுறேன்.

மொதல்ல சாப்பாட்ட சொல்லிடுறேன், எல்லாரும் அத தான் கேப்பீங்க. தருமச்சாலையில, அதாவது வள்ளலார்னு சொல்ற ராமலிங்க அடிகள் ஆரம்பிச்ச அன்னதான சாலையில, மூணு வேளையும் சாப்பாடு, யாரு வேணா உக்காரலாம், என்ன ஜாதி எந்த ஊரு எதுக்கு வந்தன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க, டோக்கன் கெடையாது, காசு கெடையாது. நான் போன அன்னிக்கு மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், ரசம், மோர். ருசி எப்படின்னா நம்ம வீட்ல அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாதப்ப சாதாரணமா ஒரு கொழம்பு வெப்பாங்களே அந்த மாதிரி, காரம் கம்மி, எண்ணெ கம்மி, சாப்ட்டு முடிச்சா வயிறு லேசா இருக்கும். கல்யாண சாப்பாடு மாதிரி எதிர்பாத்து போகாதீங்க. எனக்கு பக்கத்துல ஒரு கட்டட வேல செய்யிறவரு சிமெண்ட் கையோட வந்து உக்காந்தாரு, அந்தப் பக்கம் கார்ல வந்த ஒரு குடும்பம், ரெண்டு பேருக்கும் ஒரே வாளி ஒரே கரண்டி.

அந்த அடுப்ப கண்டிப்பா பாருங்க. வள்ளலார் 1867ஆம் வருஷம் மே 23ஆம் தேதி பத்த வெச்ச அடுப்பு, இன்னிக்கு வரைக்கும் அணையவே இல்லன்றாங்க. 21 அடி நீளம். பார்வதிபுரம் ஜனங்க குடுத்த 80 காணி நெலத்துல தான் இது எல்லாமே நிக்குது, நம்ம கணக்குல நூறு ஏக்கருக்கு மேல வரும். யோசிச்சு பாருங்க, அந்தக் காலத்துல எத்தன தடவ இந்தப் பக்கம் பஞ்சம் வந்திருக்கு, எத்தன புயல் வந்திருக்கு, தானே புயல்ல 2011 கடைசில எங்க தெருவுல ஒரு வாரத்துக்கு மேல கரெண்ட் இல்ல, கூர இல்ல, அப்பவும் அங்க அடுப்பு எரிஞ்சிருக்கு. யாரோ ஒருத்தங்க எழுந்து வெறக ஒரு அடி உள்ள தள்ளி விட்டுக்கிட்டே தான் இருந்திருக்காங்க. இத நெனச்சாலே எனக்கு தொண்ட அடைக்குது.

இப்ப நான் ஏன் போனேன்னு சொல்லணும், அத சொல்லாம சபைய பத்தி சொன்னா உங்களுக்கு புரியாது.

நான் திருப்பாதிரிப்புலியூர்ல சின்னதா ஒரு தையல் கட வெச்சிருக்கேன். கொரோனாவுக்கு அப்பறம் எங்க வீட்டுக்காரரு வண்டிக்கு வாங்குன லோன் கட்ட முடியாம போயி, பைனான்ஸ்காரங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, அந்த சமயத்துல யாரு என்ன சொன்னாலும் கேக்குற நெலமையில இருந்தேன். பாண்டிச்சேரில ஒரு எடத்துல ஜாதகம் பாத்து கனக புஷ்பராகம் போட சொன்னாங்க, 14,500 ரூபா. லைனிங் ஜாக்கெட் 250 ரூபான்னு வெச்சா 58 ஜாக்கெட் தெச்ச காசு அது. ஆள்காட்டி வெரல்ல போட்டு விட்டு அவரு சொன்னாரு, குளிக்கும்போது கூட கழட்டக்கூடாது, கழட்டுன அன்னிக்கே பலன் எதுத்து திரும்பிடும்னு. அப்பறம் நெலவாசல்ல ஒரு தகடு, கடையில தெற்கு செவுத்துல வேற ஒரு தகடு, ஒரு சாமியாரோட போட்டோ மிஷின் மேல. ஒவ்வொரு துணியும் வெட்டறதுக்கு முன்னாடி அந்த போட்டோவ தொட்டு கும்பிட்டு தான் கத்தரிக்கோல எடுப்பேன். ஒரு நாள் தொடாம வெட்டிட்டேன், அன்னிக்கு முழுக்க மனசு பக்கு பக்குனு அடிச்சுக்குச்சு, சாயங்காலம் மகளுக்கு லேசா காய்ச்சல் அடிச்சதுக்கு கூட நான் தான் காரணம்னு அழுதேன்.

மோதிரம் இருக்கே, அதுல கல்ல புடிச்சிருக்குற நகம் பட்டுல மாட்டும். ஒரு கல்யாணப் பொண்ணோட முகூர்த்த ஜாக்கெட்டு, நல்ல காஞ்சிபுரம் பட்டு, இழை இழுத்துக்கிச்சு. அந்த அம்மா என்னைய ஒண்ணும் சொல்லல, முகம் மட்டும் வாடிப் போச்சு. அப்பவாவது நான் மோதிரத்த கழட்டி இருக்கணும்ல? கழட்டல. மோதிரத்து மேல பிளாஸ்திரி சுத்திக்கிட்டு தெச்சேன். ரெண்டு வருஷம் அப்படியே. பொழப்பு நல்லா நடக்கணும்னு போட்ட கல்லு, பொழப்ப கெடுக்குதுன்னு கண்ணால பாத்தும் கழட்ட முடியல.

பக்கத்து வீட்ல ஒரு ஆயா இருக்காங்க, வெள்ள சீல தான் கட்டுவாங்க, மாசா மாசம் பூசத்துக்கு வடலூர் போயிடுவாங்க. அவங்களுக்கு கண்ணுல புரை ஆபரேஷன் ஆன புதுசு. "ஏம்மா, தொணைக்கு ஒரு தடவ வாயேன், பஸ் ஏறி எறங்க பயமா இருக்கு"ன்னாங்க. நான் எனக்காக போகல, ஆயாவுக்காக தான் போனேன். போறப்பவே மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டேன், போனது போனோம் இந்த சாமிக்கிட்டயும் லோன் விஷயத்த ஒரு வார்த்த சொல்லி வெச்சுடலாம்னு.

காலையில பதினோரு மணிக்குள்ள போய் சேந்தோம். ஆயா நேரா தருமச்சாலை பக்கம் காய் நறுக்குற எடத்துக்கு போயி உக்காந்துட்டாங்க. கேட்டுட்டு யாரு வேணா சேந்துக்கலாம் போல. நானும் உக்காந்தேன், பூசணிக்கா மல மாதிரி கெடந்துச்சு. அருவாமனையில உக்காந்து ரெண்டு துண்டு வெட்டறதுக்குள்ள எதுக்க இருந்த ஒரு அக்கா பாத்துட்டு, "மோதிரத்த கழட்டி வெச்சுட்டு வெட்டு பாப்பா, பிளாஸ்திரி பிஞ்சு காயில விழுந்துட போவுது, சாப்புடுற சோறு இல்ல"ன்னாங்க. அவ்வளவு தான். அவங்க சொன்னதுல ஒரு தத்துவமும் இல்ல. நான் பிளாஸ்திரிய பிரிச்சு, மோதிரத்த உருவி, முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருகிட்டு வெட்ட ஆரம்பிச்சேன். வெட்டி முடிச்சதும் யாரோ கையில ரச வாளிய குடுத்து பந்தியில விட சொன்னாங்க. மூணு பந்தி. ஒரு பெரியவரு ரசத்த கையில வாங்கி குடிச்சிட்டு இன்னும் கொஞ்சம்னாரு, திரும்ப ஊத்துனேன், திரும்ப கை நீட்டுனாரு, திரும்ப ஊத்துனேன், நாலாவது தடவ என்ன பாத்து சிரிச்சாரு. அந்த ரெண்டு மூணு மணி நேரமும் லோன் நெனப்பு வரல, தகடு நெனப்பு வரல, மோதிரம் நெனப்பு வரல. வீட்டுக்கு வந்து ராத்திரி சீல மாத்தும்போது தரையில டங்குனு விழுந்தப்ப தான் தெரிஞ்சுது அது என் வெரல்ல இல்லன்னு.

ஆனா அதுக்கு முன்னாடி சாயங்காலம் நடந்தத சொல்லணும்.

சத்திய ஞானசபை. 1872 ஜனவரி 25, தைப்பூசத்து அன்னிக்கு மொதல் தரிசனம் நடந்த எடம். எட்டு மூலையா இருக்குற கட்டடம், சுத்தி பெரிய வெட்டவெளி, பெருவெளின்னு தான் அதுக்கு பேரே. கோயிலுக்கு போன மாதிரியே இருக்காது. நான் அர்ச்சன தட்டு எங்க வாங்கறதுன்னு தேடுனேன். ஆயா கைய புடிச்சு இழுத்துக்கிட்டு போயிட்டாங்க. உள்ள செல கெடையாது. ஒரு வெளக்கு, அதுக்கு முன்னாடி ஒரு பெரிய கண்ணாடி, அதுக்கு முன்னாடி ஏழு திரை. கருப்பு, நீலம், பச்ச, சிவப்பு, பொன் நெறம், வெள்ள, கடைசியா எல்லா நெறமும் கலந்த ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு சக்தியாம், கருப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, பச்ச பராசக்தி, சிவப்பு இச்சா சக்தி, பொன்னு ஞான சக்தி, வெள்ள ஆதி சக்தி, கலப்பு சிற்சக்தி. மாசப் பூசத்துல ஆறு திரைய வெலக்கி காட்டுவாங்க, ஏழையும் வெலக்குறது தைப்பூசத்துல தான்.

இதுல நான் ஆச்சரியப்பட்ட விஷயம் ஒண்ணு, சபைக்கு வள்ளலார் 1872லயே வழிபாட்டு வெதி எழுதி வெச்சிருக்காரு, உள்ள போயி தூசு தொடச்சு வெளக்கு வெக்கிறவங்க பன்னெண்டு வயசுக்கு உள்ள இருக்கணும், இல்லன்னா 72 வயசுக்கு மேல இருக்கணும்னு. நடுவுல இருக்குற நம்மள மாதிரி ஆசையும் பயமும் புடிச்ச வயசுக்காரங்க கைய அந்த வெளக்கு கிட்ட விடல பாருங்க.

நடுவுல இந்த சபைக்குள்ளயே லிங்கம் வெச்சு பூஜ நடந்துக்கிட்டு இருந்துச்சு, வள்ளலார் சொன்ன மொறைக்கு இது விரோதம்னு அன்பருங்க சண்ட போட்டு, 2006ல அறநிலையத்துறை அத நிறுத்த சொல்லி உத்தரவு போட்டு, அது கோர்ட்டுக்கு போயி, 2010ல சென்னை ஹைகோர்ட்டும் ஜோதி வழிபாடு மட்டும் தான் இங்கன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. உருவம் வேணாம்னு ஒருத்தரு கட்டுன எடத்துலயே உருவம் வந்து உக்காந்துக்குச்சுன்னா, நம்ம கடையில மிஷின் மேல வந்து உக்காந்ததுல என்ன அதிசயம் சொல்லுங்க.

உள்ள போறதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, கொலை புலை தவிர்த்தவங்க மட்டும் தான் உள்ள போகணும்னு எழுதியே வெச்சிருக்காங்க, அதாவது கறி மீனு சாப்புடாதவங்க. நாங்க கடலூரு, முதுநகர்லருந்து காலையில மீன் கூடை வராத நாளே எங்க வீட்ல கெடையாது. அதனால நான் வெளியில நின்னு தான் பாத்தேன். இத யாரும் அவமானமா எடுத்துக்காதீங்க, யாரும் உங்கள நிறுத்தி வெச்சு கேள்வி கேக்கல, நீங்களே உங்கள கேட்டுக்குற கேள்வி அது. வெளியில இருந்து பாத்தாலும் ஜோதி நல்லா தெரியும்.

இருட்டி கொஞ்ச நேரத்துல மணி அடிச்சுது. அவ்வளவு கூட்டமும் "அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, மெதுவா, யாரும் கத்தல. ஒவ்வொரு திரையா வெலகுது. கருப்பு வெலகும்போது நான் இன்னும் லோன தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பறம் நீலம், பச்ச. ஆயா மெதுவா காதுல சொன்னாங்க, "இதெல்லாம் உனக்குள்ள இருக்குற திரைம்மா, அங்க வெளிச்சம் புதுசா வரல, ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டு தான் இருக்குது"ன்னு. அத கேட்டுட்டு நான் அழுதேன், ஏன் அழுதேன்னு இப்ப கேட்டா, ரெண்டு வருஷமா நான் கும்பிட்டது எல்லாத்துக்கும் அடியில இருந்தது ஒரே ஒரு பயம் தான், எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்ற பயம், எனக்குள்ள ஒரு பொறி கூட இல்லன்னு நம்பி தான் வெளியில ஒரு கல்லுக்கிட்டயும் ஒரு போட்டோ கிட்டயும் கெஞ்சிக்கிட்டு இருந்தேன். அந்த வெளிச்சத்த பாத்தது சில நொடி தான். லோன பத்தி கேக்கவே மறந்துட்டேன்.

எங்க ஊரு கதையே கல்லு கதை தான். அப்பர கல்லுல கட்டி கடல்ல போட, அந்த கல்லே தெப்பமா மெதந்து திருப்பாதிரிப்புலியூர்ல கரை ஏத்துச்சுன்னு சின்ன வயசுலருந்து கேட்டு வளந்திருக்கேன், வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம்னு எடமே இருக்கு. அதே அப்பர் தான் தேடுனவன எனக்குள்ளயே கண்டுக்கிட்டேன்னு பாடுனதும். பாடலீஸ்வரர் கோயில் வாசல்லயே கட வெச்சுக்கிட்டு, பாட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, நான் 14,500 ரூபாய்க்கு கல்லு வாங்கி இருக்கேன்.

சரி, இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். தரிசனம் முடிஞ்சு வெளிய வந்தா கடைங்க வரிசையா இருக்கு, வள்ளலார் படம், டாலர், கீ செயின், சின்ன செல. நான் நேரா போயி இருக்குறதுலயே பெரிய படமா ஒண்ணு எடுத்து வெல கேட்டேன், மனசுக்குள்ள ஓடுது, அந்த சாமியார் போட்டோவ எடுத்துட்டு இத மிஷின் மேல வெச்சுடலாம்னு. கத்தரிக்கோல எடுக்குறதுக்கு முன்னாடி இனிமே இவர தொட்டுக்கலாம். ஆயா என் கையில இருந்து படத்த வாங்கி கடக்காரருகிட்ட குடுத்துட்டு, டீ வாங்கி குடுத்து பக்கத்துல உக்கார வெச்சு ஒரு கதை சொன்னாங்க. பண்ருட்டி குயவருங்க ஆசையா வள்ளலார மாதிரியே மண்ணுல ஒரு செல செஞ்சு கொண்டாந்து குடுத்தாங்களாம். அவரு கையில வாங்கி பாத்துட்டு, பொன்னான மேனி மண்ணாப் போச்சேன்னு சொல்லி கீழ போட்டு ஒடச்சுட்டாராம். சென்னையில போட்டோ எடுக்க முயற்சி பண்ணப்ப வெள்ளத் துணி மட்டும் தான் விழுந்துச்சு, முகம் விழலன்னும் சொல்லுவாங்க. "இந்தப் படம் எல்லாம் பின்னால வரஞ்சது தான். மாட்டுறது தப்பில்ல, ஆனா நீ இப்ப மாட்ட வேணாம்"னாங்க ஆயா. நீ இப்ப மாட்ட வேணாம், அந்த வார்த்த இன்னும் காதுல இருக்கு. என்னைய நல்லா பாத்து வெச்சிருக்காங்க.

அதுக்கு அப்பறம் தான் நான் வீட்டுக்கு வந்து வள்ளலாரோட பேருபதேசத்த படிச்சேன், 1873 அக்டோபர் 22ல மேட்டுக்குப்பத்துல சன்மார்க்கக் கொடி ஏத்திட்டு பேசினது. அதுல அவரே சொல்றாரு, மொதல்ல சைவ சமயத்துல நான் வெச்சிருந்த பிடிப்பு இவ்வளவுன்னு அளவே சொல்ல முடியாது, அது இப்ப எப்படி போயிடுச்சு பாத்தீங்களான்னு. சின்ன வயசுல கந்தகோட்டத்து முருகன பாடினவரு, திருவொற்றியூர் சிவன பாடி பாடி உருகினவரு சொல்றாரு இத. தன்ன மேல தூக்கி விட்டது தயவு தான்னும் அங்கயே சொல்றாரு. அவ்வளவு பெரிய பக்தியவே ஒரு படியா நெனச்சு தாண்டி வந்தவரோட படத்த நான் புதுசா ஒரு மோதிரமா மாத்த பாத்தேன். சாமி கும்பிடுறவங்கள நான் ஒண்ணும் சொல்லல, பாடலீஸ்வரர் கோயிலுக்கு இன்னமும் போறேன், பெரியநாயகிய பாத்தா இப்பவும் கண்ணு கலங்குது. முன்னாடி பேரம் பேச போனேன், இப்ப சும்மா பாக்க போறேன்.

போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு: கடலூர் பஸ் ஸ்டாண்ட்லருந்து நெய்வேலி, விருத்தாசலம் போற பஸ் எல்லாம் குறிஞ்சிப்பாடி வழியா வடலூர் போகும், ஒரு மணி நேரம் கிட்ட ஆகும். ரயில் ஸ்டேஷனும் இருக்கு. பெருவெளியில மத்தியானம் நெழல் கம்மி, கால் சுடும், வயசானவங்கள கூட்டிட்டு போனா சாயங்காலமா போங்க. தைப்பூசத்துக்கு கூட்டம் தாங்காது, மொதல் தடவ போறவங்க மாசப் பூசத்துக்கோ சாதாரண நாள்லயோ போங்க, தருமச்சாலைய நின்னு பாக்க அது தான் வசதி. கூடவே மேட்டுக்குப்பம் சித்தி வளாகம் போயிட்டு வாங்க, 1874 ஜனவரி 30ஆம் தேதி அவரு உள்ள போயி கதவ சாத்திக்கிட்ட அறை அங்க தான் இருக்கு. அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தன் அறைக்குள்ள இருந்த வெளக்க வெளிய கொண்டாந்து வெச்சு, இத தடைபடாம ஆராதிங்கன்னு சொல்லிட்டு போனவரு. அவரு தங்கியிருந்த கருங்குழியும் பொறந்த மருதூரும் பக்கத்துல தான், நான் இன்னும் போகல.

தருமச்சாலைக்கு அரிசி, பருப்பு, காய் குடுக்கலாம். முடிஞ்சா காசோட நிறுத்திக்காம ஒரு வேளை உக்காந்து காய் நறுக்கிட்டு வாங்க.

ஸ்டார் குடுக்க சொன்னா அஞ்சு தான், அதுக்கு மேல இருந்தா அதுவும்.

லோன் இன்னும் முடியல, பதினொரு மாசம் பாக்கி இருக்கு. மாசா மாசம் கட்டுறோம். மீனு இன்னும் முழுசா விடல, பூசம் வர்ற வாரம் சாப்புடறதில்ல, அதனால இன்னும் வெளியில நின்னு தான் பாக்குறேன். தகடு ரெண்டையும் எடுத்துட்டேன். சாமியார் போட்டோவ எடுக்க தான் நாளாச்சு, ரெண்டு தடவ எடுத்து ரெண்டு தடவ திரும்ப வெச்சேன், மூணாவது தடவ மக தான் எடுத்துட்டு போனா. மோதிரம் கடையில பட்டன் டப்பாவுக்குள்ள கெடக்கு. பட்டு ஜாக்கெட் எல்லாம் இப்ப இழை இழுக்கறதில்ல.

வர்ற மாசப் பூசத்துக்கு ஆயாவும் நானும் காலையிலயே போயிடுவோம், மகளும் வரேன்னு சொல்லியிருக்கா. கடலூர்லருந்து யாராவது வர்றீங்கன்னா காய் நறுக்குற எடத்துல வந்து பாருங்க. அருவாமன அங்கயே இருக்கு, கொண்டு வர வேணாம்.